வைத்தியருக்கு எழுதும் கடிதம்

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி, அவருடைய அறையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. உள்ளே இருந்த நேரம் ஐந்து நிமிஷம். அதற்குள் இரத்த அழுத்தம், பழைய சீட்டு, புதிய சீட்டு எல்லாம் அடங்கிவிட்டன. "வேறு ஏதாவது உண்டா?" என்று அவர் கேட்டபோது, "இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். மருந்துக் கடையில் பொட்டலத்தைக் கையில் வாங்கிய பின்புதான், பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுவதா, இரண்டையும் சேர்த்தே சாப்பிடுவதா என்ற சந்தேகம் எழுகிறது. திரும்பிப் போனால் வரிசை. போகாவிட்டால் அடுத்த மாதம் வரையில் சந்தேகம். நமது வாசக அன்பர்களில் இந்த அனுபவம் இல்லாதவர் ஒருவரும் இருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம்.

சென்ற ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பாவு கொடுத்த தேதிகளையும் துணி வந்து சேர்ந்த தேதிகளையும் ஒத்துப் பார்த்து வருகையில், தவணை தவறாதவர் என்று பெயர் பெற்ற ஒரு முதிய அங்கத்தினரின் கணக்கில் மூன்று மாதத் தாமதம் தென்பட்டது. அவரையே அழைத்து விசாரித்தோம். அவருக்கு நீரிழிவு உண்டு. குழித்தறியில் மிதி மிதித்து, வலது பாதத்தில் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கிறது. கோயமுத்தூரில் ஒரு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஊர் வந்து சேர்ந்த பிறகே, தறியில் உட்காரலாமா கூடாதா என்று கேட்க மறந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் நெய்யலாம் என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஆறு நாள் நெய்தார். புண் பெரிதாயிற்று. ஏழாம் நாள் மறுபடியும் போனார்; அன்று வைத்தியருக்கு விடுமுறை. எட்டாம் நாளும் போனார். "புண் ஆறுகிற வரையில் அந்தக் காலால் மிதிக்கவே கூடாது" என்ற ஒரு வாக்கியம் பதிலாகக் கிடைத்தது. கால் தப்பியது, இரண்டு விரல்கள் தப்பவில்லை.

"கேக்கறதுக்கு ஒரு நிமிசம், போயிட்டு வர்றதுக்கு ஒரு நாளுங்க" என்றார் பெரியவர். அவருடைய கணக்கில் பிழை காண நம்மால் இயலவில்லை.

நெடுந்தொலைவுக்கு எழுத்தை நொடியில் கொண்டு சேர்க்கும் சாதனம் உலகத்தில் இல்லாத காலமா இது? 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் சங்கங்கள் நூலுக்கு ஆர்டர் அனுப்புவதும், இருப்புப் பட்டியல் அனுப்புவதும், மேலிடத்துக்கு விளக்கம் எழுதுவதும் அதன் வழியாகத்தான் நடைபெறுகின்றன. ஒரு சிப்பம் நூல் குறைந்தால் அன்றைக்கே எழுதிக் கேட்கிற நாம், ஒரு காலைப் பற்றிக் கேட்க விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறோம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வைத்தியர் ஒரு முறை நேரில் கண்டு, நோய் இன்னதென்று நிச்சயித்த பிறகு, அந்த நோயாளி தம் சந்தேகங்களை மின்னஞ்சலில் எழுதிக் கேட்கவும், வைத்தியர் எழுத்திலேயே பதில் சொல்லவும் வழி ஏற்பட வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற, ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் நோய்களுக்கு இது மிகவும் அவசியம். ஆனால், அந்தக் கடிதம் நோயாளிக்கும் வைத்தியருக்கும் மட்டுமே சொந்தமானதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது. அதற்குப் பின்னால் வருவோம்.

தொலைபேசியில் கேட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். தொலைபேசி, வேறொரு நோயாளியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கும் வைத்தியரின் கையைப் பிடித்து இழுக்கிறது. கடிதமோ வாசலில் காத்து நிற்கிறது. அவருக்கு ஒழிந்த நேரத்தில் உள்ளே வருகிறது. கேட்கிறவருக்கும் சௌகரியம் உண்டு. பதினைந்து நாள் சர்க்கரை அளவை வரிசையாக எழுதி அனுப்பலாம். அதை வாயால் ஒப்பிக்க யாராலும் ஆகாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு வந்து அளந்து குறித்துவிட்டுப் போன இரத்த அழுத்தக் கணக்கு எத்தனையோ அங்கத்தினர்களின் பெட்டியில் சீட்டாகவே கிடக்கிறது. அந்த எண்கள், சீட்டு எழுதிக் கொடுத்த வைத்தியரின் கண்ணில் படாமல் இருப்பதில் யாருக்கு என்ன லாபம்?

பதிலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வைத்தியர் வாயால் சொன்னதில் வீடு வந்து சேர்வது கொஞ்சம். எழுதி வந்ததை ஐந்து முறை படிக்கலாம்; மகனிடமும் மருமகளிடமும் காட்டலாம்; மருந்துக் கடைக்காரர் வேறு மாத்திரையை நீட்டினால் எடுத்துக் காட்டி மறுக்கலாம். சங்கங்களில் "தலைவர் வாய்மொழியாக உத்தரவிட்டார்" என்ற விளக்கத்தை எத்தனையோ முறை கேட்டு, எத்தனையோ முறை நிராகரித்திருக்கிறோம். எழுத்தில் இல்லாத உத்தரவு உத்தரவே அல்ல என்பது நம் தொழிலின் பாலபாடம். இந்த உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குக் காகிதத்தின் மீது ஒரு மோகம் உண்டு என்று வாசகர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும், மாத்திரை விஷயத்தில் அந்த மோகம் நல்லதே.

வைத்தியர்களுக்கு நேரம் ஏது என்பதுதான் வலுவான ஆட்சேபம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்கிற ஒரு வைத்தியரிடம், இரவில் உட்கார்ந்து நாற்பது கடிதங்களுக்கும் பதில் எழுதுங்கள் என்று சொல்வது அநியாயம். இந்த ஆட்சேபத்துக்கு விடை ஓர் ஆஸ்பத்திரி முதலாளியிடமிருந்து அல்ல, ஒரு கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தே கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்லும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சியை வாசகர்கள் மன்னிப்பார்களாக.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் என்ற நகரம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், கிரேஞ்ச் என்ற விவசாயிகள் அமைப்பினரும், விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தினரும், நுகர்வோர் கூட்டுறவாளர்களும் ஒன்றுகூடி, வைத்தியத்துக்காகவே ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள். குரூப் ஹெல்த் கூட்டுறவு என்பது அதன் பெயர். 1947-ல் அது வைத்திய சேவையைத் தொடங்கியது. அங்கத்தினர்கள் மாதந்தோறும் சந்தா செலுத்தினார்கள். வைத்தியர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். நிர்வாக சபையை அங்கத்தினர்களே தேர்ந்தெடுத்தார்கள். அவ்வூர் வைத்தியர் சங்கம் இவர்களிடம் வேலை பார்த்த வைத்தியர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரையில் சென்று, 1951-ல் கூட்டுறவுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. விவசாயியும் தொழிலாளியும் கூடி வைத்தியரைச் சம்பளத்துக்கு அமர்த்துவதா என்ற கோபம் அந்நாளில் அங்கேயும் இருந்தது போலும்!

இந்தக் கூட்டுறவு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, அங்கத்தினர்கள் தம் வைத்தியருக்குக் கணினி வழியாகக் கடிதம் எழுத ஏற்பாடு செய்தது. எல்லோரும் வந்துபோகும் சாதாரண அஞ்சல் பெட்டி அல்ல. கடவுச்சொல் கொடுத்தால் மட்டுமே திறக்கும் தனிப் பெட்டி. கடிதமும் பதிலும் நோயாளியின் வைத்தியப் பதிவேட்டோடு சேர்ந்தே இருந்தன. சில ஆண்டுகளில் கடிதம் பெருகிற்று, வைத்தியர்கள் களைத்தார்கள். அப்பொழுது அவர்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. 2007-ஆம் ஆண்டையொட்டித் தங்கள் கிளினிக்குகளில் ஒன்றில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு வைத்தியரின் பொறுப்பிலும் இருந்த நோயாளிகள் சுமார் 2,300 பேர். அதை 1,800 ஆகக் குறைத்தார்கள். ஒருவரைப் பார்க்க ஒதுக்கிய 20 நிமிஷத்தை 30 ஆக்கினார்கள். மேலும், கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் பதில் சொல்வதற்கென்றே வேலை நேரத்துக்குள் தனி நேரம் ஒதுக்கினார்கள். பணியாளரையும் அதிகப்படுத்தினார்கள். மற்றக் கிளினிக்குகளோடு ஒப்பிட்டபோது, இந்தக் கிளினிக்கின் நோயாளிகள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியது 29 சதவிகிதம் குறைவாக இருந்தது. வைத்தியர்களின் களைப்பும் குறைந்திருந்தது.

இது மின்னஞ்சல் ஒன்றின் பலனே என்று சொன்னால் நேர்மையாகாது. நேரம் கூடிற்று, ஆட்கள் கூடினார்கள், கடிதமும் கூடிற்று. எல்லாம் சேர்ந்து விளைந்த பலன் அது. ஆயினும் ஒரு விஷயம் தெளிவு. கடிதத்துக்குப் பதில் எழுதுவதை அவர்கள் தர்ம காரியமாக வைக்கவில்லை, வேலையாகக் கணக்கெழுதினார்கள். சந்தா முன்னமே வந்துவிட்டபடியால், நோயாளி நேரில் வந்தால்தான் வரும்படி என்ற நிலையும் வைத்தியருக்கு இல்லை. அந்தக் கூட்டுறவு 2017-ல் கைசர் பெர்மனென்டே என்ற பெரிய ஸ்தாபனத்தோடு சேர்ந்துவிட்டது. இன்று அது அங்கத்தினர் ஆளும் கூட்டுறவாக இல்லை. எழுபது ஆண்டு உழைத்த ஒரு சங்கம் அப்படி முடிந்ததில் நமக்கு வருத்தமே. எனினும் அது போட்டு வைத்த கணக்கு மறைந்துவிடவில்லை.

சந்தா முறை இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து கிளினிக், 2022 நவம்பர் முதல், வைத்தியருக்கு ஐந்து நிமிஷமோ அதற்கு மேலோ பிடிக்கக்கூடிய சில வகைக் கடிதங்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் கடிதம் எழுதப் பழகிய ஜனங்கள் பிறகு நிறுத்தவில்லை, வைத்தியர்கள் தத்தளித்தார்கள். கட்டணத்தைப் பலர் கண்டித்தார்கள். நாம் கண்டிக்கவில்லை. நம் பெரியவர் மூன்று முறை கோயமுத்தூர் சென்றதற்குப் பஸ் கட்டணமும், நெய்யாத நாள்களின் கூலியும், இரண்டு விரல்களும் செலவு. ஒரு பதிலுக்கு நியாயமான சிறு கட்டணம் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். ஆனால் கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே அச்சிட்டுக் காட்ட வேண்டும். எழுதிய பிறகு பில் வரக் கூடாது.

நம் நாட்டில் சட்டம் இதற்கு இடங்கொடுக்கிறதா என்று சில காரியதரிசிகள் நம்மைக் கேட்டதுண்டு. கொடுக்கிறது. 2020 மார்ச் 25-ஆம் தேதி, நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. காணொளி, குரல், எழுத்து என்ற மூன்று வழிகளையும் அவை ஏற்கின்றன. எழுத்து வழியில் மின்னஞ்சலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காக, அதே வைத்தியரிடம் மறுபடியும் ஆலோசனை கேட்பதைத் தொடர் ஆலோசனை என்று அவை வகைப்படுத்துகின்றன. வைத்தியர் தம் பதிவு எண்ணைக் கடிதத்தில் காட்ட வேண்டும்; ஆலோசனையின் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும்; கட்டணம் வாங்கலாம், வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். எழுத்தால் மட்டும் தீராது என்று தோன்றினால், நேரில் வரும்படி சொல்ல வைத்தியருக்கும், நேரில் போக நோயாளிக்கும் எந்தக் கட்டத்திலும் உரிமை உண்டு. போதை மருந்து வகைகளை இப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது. முகத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்ப்பதால் சில குறிகள் தவறிவிடும் என்பதையும் அந்நெறிகள் ஒப்புக்கொள்கின்றன.

இங்கே வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டைப் படம் பிடித்து வைத்தியரின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, நீலக் குறி விழுந்ததா என்று நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் நம் அங்கத்தினரிடையே பரவியிருக்கிறது. அது வைத்தியரின் சொந்தக் கைப்பேசி. பொங்கல் வாழ்த்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே நம்முடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவு போய் விழுகிறது. கைப்பேசி மாறினால் கணக்கும் மாயம். ஆஸ்பத்திரியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால், வைத்தியர் மாறினாலும் கடிதம் இருக்கும்.

கடிதம் எழுதும் முறைக்கும் விதிகள் உண்டு. 1998-லேயே அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கம் இவற்றை வகுத்து வெளியிட்டது. அவசர விஷயத்துக்குக் கடிதம் கூடாது; எத்தனை நாளில் பதில் வரும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்; மருந்தா, தேதி கேட்பதா, ஆலோசனையா, பில்லா என்பதைத் தலைப்பிலேயே குறிக்க வேண்டும்; பெயரும் நோயாளி எண்ணும் உள்ளே இருக்க வேண்டும்; கடிதம் வந்து சேர்ந்ததாக ஒரு பதில் உடனே போக வேண்டும்; எல்லாவற்றையும் நோயாளியின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்; நோயாளியின் அனுமதியின்றி மூன்றாம் மனிதருக்கு அனுப்பக் கூடாது. கால் நூற்றாண்டுக்கு முன் எழுதியவை. இன்றும் ஒன்றையும் நீக்க வேண்டியதில்லை.

அங்கத்தினர்களின் உபயோகத்துக்காக ஒரு மாதிரிக் கடிதத்தைத் தருகிறோம். நம் பெரியவர் அன்று எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

"பொருள்: ஆலோசனை. கால் புண், நீரிழிவு. வெளிநோயாளி எண் இன்னது. ஐயா, திங்கட்கிழமை தங்களிடம் வலது பாதத்தில் கட்டுப் போட்டுக்கொண்டேன். எனக்குத் தறி நெசவு. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் அந்தக் காலால் மிதிக்க வேண்டும். நெய்யலாமா, நிறுத்த வேண்டுமா? நிறுத்துவதானால் எத்தனை நாள்? காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு மூன்று நாளைக்குக் கீழே எழுதியிருக்கிறேன். இதை என் மகள் எழுதுகிறாள்; பதிலையும் அவளே படித்துச் சொல்வாள்."

இவ்வளவு போதும். குடும்ப வரலாறு வேண்டாம். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம். அதன் காரணம் கீழே.

மார்பு வலி, மூச்சுத் திணறல், புண் கறுத்துப் போவது, பாம்புக்கடி, வயலில் பூச்சி மருந்து அடிக்கும்போது தலை சுற்றி வாந்தி வருவது, இவற்றுக்குக் கடிதம் எழுதி உட்கார்ந்திருப்பது தற்கொலைக்குச் சமானம். 108-ஐ அழைக்க வேண்டியது.

இனி, தள்ளிப் போட்டு வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

வேறொரு சங்கத்தில், நல்லெண்ணமுள்ள இளம் எழுத்தர் ஒருவர் அங்கத்தினர்களுக்கு ஒரு பெரிய உதவியை ஆரம்பித்திருந்தார். எழுதத் தெரியாதவர்கள் சீட்டோடு வந்தால், அவர்களுக்காக வைத்தியருக்கு மின்னஞ்சல் எழுதுவார். பதில் வந்தால் அச்சிட்டு எடுத்து, தமிழில் விளக்கிச் சொல்வார். சங்கத்துக்கு ஒரே முகவரி. நூல் வியாபாரியின் விலைப் பட்டியலும், மேலிடத்துச் சுற்றறிக்கையும், நாற்பது அங்கத்தினர்களின் நோயும் அந்த ஒரே பெட்டியில் வந்து விழுந்தன. அச்சிட்ட பதில்களைக் கூலி வாங்க வரும்போது கொடுப்பதற்காக, ரொக்க மேஜையின் மேல் ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார். அவ்வேற்பாட்டை நம்மிடம் பெருமையோடு எடுத்துச் சொன்ன தலைவர், இதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டோம்; ஆனால் அவர் கேட்ட விதத்தில் அல்ல.

கூலிச் சீட்டு ஒன்றைத் தேடி அந்தத் தட்டிலிருந்த காகிதங்களைப் புரட்டினோம். கையில் வந்தது கூலிச் சீட்டு அல்ல. ஒரு பெண் அங்கத்தினருக்கு அவருடைய வைத்தியர் எழுதிய பதில். முதல் இரண்டு வரிகளைப் படித்த பின்புதான் அது இன்னதென்று நமக்கு விளங்கிற்று. உடனே கவிழ்த்து வைத்தோம்; ஆனால் படித்ததைப் படிக்காததாக ஆக்கிக்கொள்ள வழியில்லை. தாயிடம் கூடச் சொல்லத் தயங்கும் ஒரு நோயை அந்த அம்மாள் நம்பி எழுதியிருந்தார். நாம் அந்த ஊருக்கு ஒரு நாள் விருந்தாளி, நமக்கே தெரிந்துவிட்டது. தினமும் அந்த மேஜையைச் சுற்றி நிற்பவர்களுக்கு?

விசாரித்ததில், அவர்களுக்கும் முன்னமே தெரிந்திருந்தது. முதல் பதில் வந்த அன்று மாலையே தெருவுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அந்த அம்மாள் சங்கத்துக்கு வருவதில்லை. துணியைக் கொழுந்தன் கொண்டுவருகிறார், பாவையும் அவரே வாங்கிப் போகிறார். நாம் பார்த்தது இரண்டாவது பதில். அதில் வைத்தியர், மறு பரிசோதனைக்கு வரச் சொல்லித் தேதி குறித்திருந்தார். தேதி கடந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தட்டில் இருந்த காகிதத்தை வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை. கொழுந்தனிடம் கொடுத்தனுப்ப எழுத்தருக்குக் கூச்சம்.

எழுத்தரைத் தனியே அழைத்துப் பேசினோம். "கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை சார், படிக்கத் தெரியாதவங்களுக்கு யாராவது படிச்சுச் சொல்லணுமே" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. உண்மையில் அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. அங்கத்தினரின் சேமிப்புத் தொகை எவ்வளவு என்பதை மற்றோர் அங்கத்தினருக்குச் சொல்லக் கூடாது என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. நோயைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாமும் எத்தனையோ சங்கங்களைப் பார்வையிட்டிருக்கிறோம். இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் வந்ததில்லை. மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று அன்றுவரை கேட்டதே இல்லை.

ஆகவே, இந்த உதவியைச் செய்ய விரும்பும் சங்கங்களுக்கு நாம் சொல்வது இதுதான். சங்கத்தின் முகவரியிலிருந்து எந்த அங்கத்தினருக்காகவும் வைத்தியருக்கு எழுதக் கூடாது. அங்கத்தினரின் கைப்பேசியில் அவருடைய பெயரிலேயே ஒரு முகவரியைத் திறந்து கொடுங்கள். கடவுச்சொல்லை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதைச் சங்கப் பதிவேட்டில் குறிக்காதீர்கள். தட்டச்சு வராதவர்கள் தமிழில் பேசினாலே எழுத்தாகிற வசதி இன்றைய கைப்பேசிகளில் இருக்கிறது. அதை ஒரு மாலை நேரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது, நாற்பது கடிதம் எழுதிக் கொடுப்பதைவிட மேல். படிக்கத் தெரியாதவர் தமக்காகப் படிக்க வேண்டியவர் யார் என்பதைத் தாமே முடிவு செய்து, மாதிரிக் கடிதத்தில் காட்டியபடி வைத்தியருக்கும் சொல்லிவிட வேண்டும். அவர் கணவராக இருக்கலாம், மகளாக இருக்கலாம், அடுத்த வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். எழுத்தரைத்தான் நம்புகிறேன் என்று ஓர் அங்கத்தினர் சொன்னால் அதுவும் சரியே. ஆனால் அவர் வாயிலிருந்து அது வர வேண்டும். "வீட்டில் எல்லோருக்கும் ஒரே கைப்பேசி" என்ற கஷ்டம் பல பெண்களுக்கு உண்டு என்பதை அறிவோம். அவர்களுக்கு, நேரில் போய் வரும் பஸ்ஸே இன்னும் சில காலத்துக்கு அதிக அந்தரங்கமானது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆஸ்பத்திரிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. சீட்டின் அடியில் முகவரியை அச்சிடுங்கள். எத்தனை நாளில் பதில் வரும், அதை முதலில் படிப்பவர் வைத்தியரா, நர்ஸா என்பதையும் அச்சிடுங்கள். நர்ஸ் படிப்பதில் தவறில்லை. நர்ஸ் படிக்கிறார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் தவறு. தமிழில் வரும் கடிதத்தைத் தமிழிலேயே ஏற்று, இரண்டு வரியானாலும் தமிழில் பதில் கொடுங்கள்.

அந்தச் சங்கத்தின் பார்வைக் குறிப்பில், கணக்குக் குறைகளுக்கு முன்பாக, முதல் பத்தியாகவே இதை எழுதினோம். நிர்வாகக் கமிட்டி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுத் தட்டை அகற்றிவிட்டது. பழைய கடிதங்களை அவரவரிடம் உறையில் ஒட்டிக் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்தும் அழித்துவிட்டதாக நமக்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறார்கள். பெண் அங்கத்தினரின் உறையை, சங்கத்தின் பெண் இயக்குநர் ஒருவர் அவருடைய வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். மறு பரிசோதனைக்குப் போய் வந்ததாகக் கேள்வி. கூலி வாங்க இன்னமும் கொழுந்தனே வருகிறார்.